காலி வண்டி

சேத்தூர் வரைக்கும் ஆவுடை தட்டுனா. அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. சேத்தூர் பஸ் ஸ்டாண்டு முக்குல ஒரு ஆட்டோக்காரன் குறுக்க வந்து விழுந்தான், பிரேக்க அமுக்கி, அவனையும் அவனுக்கு லைசென்ஸ் குடுத்தவனையும் சேத்து வஞ்சிட்டு, முதுகுக்குப் பின்னால இருக்க பலகையில ரெண்டு தட்டு தட்டுனேன். உள்ள இருந்து டம்ளர் சத்தம் ஒண்ணு வந்துச்சு, டொக்குன்னு. மதுரையில கிளம்பும்போதே பேசி வச்சது அது. நான் ரெண்டு தட்டுனா அவ ஒண்ணு தட்டணும், இருக்கேன்னு அர்த்தம். வாயத் திறந்து பேச அவளுக்குத் தெம்பு இல்ல, பேசுனாலும் இந்த இஞ்சின் சத்தத்துல எனக்குக் கேக்காது. இப்ப சிவகிரி வந்தாச்சு. நடுவுல நாலு தடவ தட்டிட்டேன். மழை தகரத்துல கொட்டுத கொட்டுல அவளுக்குக் கேட்டிருக்காது. இல்லன்னா அசந்து தூங்கியிருப்பா. பத்து நாளா ஆஸ்பத்திரியில கண்ண மூடலயே அவ, பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி விடிய விடிய முனங்குனா, யாரு தூங்க முடியும், இப்ப மெத்தையக் கண்டதும் ஒரே அமுக்கா அமுக்கியிருக்கும். டம்ளரு உருண்டு கூட விழுந்திருக்கும். ஆமா, டம்ளருதான் உருண்டிருக்கும். ஓடுற வண்டியில எவனாவது உருளுற சாமானக் குடுப்பானா, ஒரு கரண்டியக் குடுத்திருக்கலாம், ஒரு சீப்பக் குடுத்திருக்கலாம். கூறுகெட்டவன் நான். எதுலதான் எனக்குக் கூறு இருந்துச்சு. தட்டுட்டி. ஏளா ஆவுடை, ஒரு தட்டு தட்டிட்டுத் தூங்கு, நான் ஒண்ணும் சொல்லல.

இது கேரவன் வண்டி. ஷூட்டிங் எடத்துல நடிகைமாரு மேக்கப் போட, உடுப்பு மாத்த, படுத்து எந்திரிக்க உள்ளது. முன்னால எனக்கு கேபின், நடுவுல பலகை, பின்னால ஏசி ரூமு, கண்ணாடியச் சுத்தி இருவது பல்பு, பாத்ரூமு, மெத்தை. பதினோரு வருசமா ஓட்டுதேன், அந்த மெத்தையில ஒரு நா உக்காந்து பாத்ததில்ல. வண்டி ஓடும்போது உள்ள ஆளு இருக்கக் கூடாது, டிரைவர் உள்ள உக்காரக் கூடாது, அது மொதலாளி சட்டம். நாளைக்குத் தென்காசியில ஷூட்டிங். மெட்ராஸ்ல இருந்து வண்டிய எடுத்துட்டு வந்த டிரைவர் மதுரையில காய்ச்சல் கண்டு படுத்துட்டான். மொதலாளி போன் போட்டாரு, "குத்தாலிங்கம், நீ மதுரையிலதான கெடக்க, ஒரு நா வந்து வண்டிய எடுத்துட்டுப் போய் நிறுத்திரு, ஒன் ஊரும் அந்தப் பக்கம்தான"ன்னு. அது காலையில எட்டு மணிக்கு. ஒம்பது மணிக்கு டாக்டர் வந்து என்ன வராந்தாவுக்குக் கூப்பிட்டாரு. நல்ல மனுசன், மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு. "இனிமே இங்க வச்சுப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு நொரையீரலும் போயிருச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. இன்னைக்குத் தாண்டுறது கஷ்டம்." ஆம்புலன்ஸக் கேட்டா எல்லாம் மழையில ஓடிட்டு இருக்கு, சாயங்காலம் ஆகும்ன்னான். சாயங்காலம் வரைக்கும் யாரு காத்துட்டு இருப்பா. சாவியக் கைமாத்தி வாங்குன கையோட கேரவனக் கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்திட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளுனவன் கதவத் தெறந்து பாத்துட்டு, "அண்ணே, இது யாரு வண்டிண்ணே"ன்னு வாயப் பொளந்தான். எம் பொண்டாட்டி வண்டிடா, தூக்குன்னேன். அவ அந்த பல்பக் கண்டா. அந்தக் கண்ணாடியக் கண்டா. மூச்சு வாங்கிக்கிட்டே, "நெசமாவே கூட்டிட்டு வந்துட்டீங்களே"ன்னு சொன்னா. பதினோரு வருசமாக் கேட்டா, ஒரு தடவ உள்ள உக்கார வச்சு ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்கன்னு. அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொன்ன வாயில மண்ணப் போட. இந்த நெலமையில வந்துதான் ஏறணுமா.

ஓரமா நிறுத்திப் பாத்தா என்ன. அஞ்சு நிமிசம் ஆகுமா. கதவத் தெறந்து, நெஞ்சுல கைய வச்சு. நிறுத்தலாம். நிறுத்துனா தெரிஞ்சு போயிரும். தெரிஞ்சுட்டா பெறகு எங்க ஓட்ட. இப்ப நான் ஓட்டுதேன், அவள வீட்டுக்குக் கொண்டு போறேன், உசுரோட கொண்டு போறேன். பாக்காத வரைக்கும் அவ இருக்கா. எங்கூருப் பழக்கம் அப்படி, ஆஸ்பத்திரியிலயோ வழியிலயோ போன உசுருன்னா உடம்பு வீட்டுப் படி ஏறக் கூடாது. தெருவுலதான் பந்தல், தெருவுலதான் பெஞ்சு, அங்கனயே குளிப்பாட்டி அங்கனயே எடுத்துருவாவ. யாரு எழுதுன சட்டமோ, எங்க பெரியப்பா கருத்தபாண்டி அத வேதம் மாதிரி பிடிச்சுக்கிட்டு நிக்கவரு. ஆவுடையோட அய்யாவும் எங்கூருதான், திருநெல்வேலி ஆஸ்பத்திரியில இருந்து வரும்போது கடையநல்லூர் பஸ்ஸுலயே போயிட்டாரு. மகளோட தோள்ல சாஞ்ச மானிக்கே. கொண்டு வந்தோம். வாசல்ல பெரியப்பா கைய நீட்டி நிறுத்திட்டாரு, உள்ள போகாதுன்னுட்டாரு. ஐப்பசி மாசம். பந்தல்ல போட்டிருந்த தார்ப்பாய் காத்துல கிழிஞ்சு போச்சு, மழை அவரு மூஞ்சியிலயே விழுது, தொறந்த வாய்க்குள்ள விழுது. இவ ஒரு குடையப் பிடிச்சுக்கிட்டு அய்யா தலைமாட்டுல நின்னா. மத்தியானத்துல இருந்து எடுக்குத வரைக்கும் நின்னா. பத்தடி தள்ளி வீடு, கதவு தொறந்து கெடக்கு, உள்ள காஞ்ச தரை. பெரியப்பாவும் எதுத்தாப்புல நனைஞ்சுக்கிட்டுதான் நின்னாரு, ஆனா வாயத் தொறக்கல. அன்னையில இருந்து அவ அவருகிட்ட பேசுனதில்ல. அவரு எங்க படி ஏறுனதும் இல்ல. அன்னைக்கு ராத்திரி தலையத் தொவட்டிக்கிட்டே எங்கிட்ட சொன்னா, "என்ன அப்படித் தெருவுல போட்ராதீங்க. எம் வீட்டுக்குள்ள போடுங்க. அவ்வளவுதான் நான் உங்ககிட்ட கேக்கது." அவ்வளவுதான் கேட்டா. நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா. பிள்ளை இல்லையேன்னு ஒரு நா என்னக் குத்திக் காட்டுனாளா.

வைப்பரு வேற ஒரு பக்கம்தான் ஓடுது. சனியன். அது எம் பக்கம் ஓடாம, காலியாக் கெடக்க சீட்டுப் பக்கம் ஓடுது. மேற்க மலையே தெரியல, எல்லாம் ஒரே வெள்ளையா அடச்சுக்கிட்டு இருக்கு. வயக்காடு எது ரோடு எதுன்னு தெரியல. வாசுதேவநல்லூர் வந்தா ஓடைப் பாலத்து மேல தண்ணி போகுதுன்னு போலீஸ்காரரு கயித்தக் கட்டி நிறுத்திட்டாரு. எனக்கு முன்னால ஒரு எலுமிச்சங்கா லாரி, ரெண்டு பஸ்ஸு. சார், அவசரம் சார்னேன். எல்லாருக்கும்தான் அவசரம்னாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. ஆனா கேரவன் ஒரு ஊருல நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா. எங்க இருந்து வருவாவளோ. டீக்கடையில நின்னவன், பஸ்ஸுல இருந்தவன், காலேஜ் பிள்ளைக, கீரைக் கூடையோட ஒரு அக்கா, எல்லாரும் மழையில நனைஞ்சுக்கிட்டு வண்டியச் சுத்தி நிக்காவ. "அண்ணே, உள்ள யாருண்ணே? ஹீரோயினா?" கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிப் பாக்காவ. கறுப்புக் கண்ணாடி, ஒண்ணும் தெரியாது. இப்ப போய் நான் பின்கதவத் தெறந்தா அத்தன பேரும் போனத் தூக்கிக்கிட்டு உள்ள பாஞ்சிருவாவ. எம் பொண்டாட்டி ஆஸ்பத்திரி நைட்டியில கெடக்கா. எவன் எவனோ படம் பிடிப்பான். போலீஸ்காரரே வந்து ஜன்னலத் தட்டிக் கேக்காரு, சிரிச்சுக்கிட்டு, "யாருப்பா உள்ள, சும்மா சொல்லு." என்னன்னு சொல்ல. "யாரும் இல்ல சார். காலி வண்டி." சொல்லிட்டேன். எம் வாயாலேயே சொல்லிட்டேன். யாரும் இல்லன்னு. நாக்கு வெந்து போகாதா எனக்கு. அவளுக்குக் கேட்டிருக்குமோ. கேட்டிருந்தா என்ன நெனச்சிருப்பா. ஏளா, அது கூட்டத்தக் கலைக்கச் சொன்னது, மனசுல வச்சுக்கிடாத.

அப்பத்தான் கேட்டுச்சு. டொக். பின்னால இருந்து, நல்லாத் தெளிவா. ஸ்டியரிங்ல தலைய வச்சு, குலசாமி பேரச் சொல்லி, சிரிச்சேன்னு நெனைக்கேன். திரும்பி ரெண்டு தட்டு தட்டுனேன். டொக், டொக். ரெண்டா வருது. அப்புறம் மூணா வருது. சைடு கண்ணாடியில பாத்தா ஒரு காலேஜ் பிள்ளை, குடைக் கம்பால வண்டியத் தட்டுது, கூட நிக்கவ சிரிக்கா. எறங்கி அந்தப் பிள்ளையக் கன்னத்துல ஒண்ணு விடணும்னு வந்துச்சு. கதவுல கை வச்சுட்டேன். அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் பாவம், அது எம் ஆவுடை மாதிரிதான, உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆசப்படுது. அவளும் இப்படித்தான் கேப்பா. நான் இருவது நா கழிச்சு வீட்டுக்கு வருவேன், பீடித் தட்ட மடியில வச்சுக்கிட்டு, எலைய வெட்டித் தூள வச்சு உருட்டிக்கிட்டே கேப்பா. அந்த நடிகை நெசமாவே அவ்வளவு செகப்பா? மேக்கப்பு கழுவுனா எப்படி இருப்பா? அழுவாளா? நானும் அளந்து விடுவேன். சிரிப்பா. சிரிச்சா இருமல் வரும். இருமல் வந்தா நான் என்ன செய்வேன் தெரியுமா, பேச்ச நிறுத்திட்டு இருமல் முடியட்டும்னு பீடியப் பத்த வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவ சுத்துன பீடி. பத்தொம்பது வருசம் அந்தத் தூசியத் தின்னவளுக்கு இருமாம என்ன செய்யும்னு எல்லாரும் சொன்னாவ, நானும் அதையேதான் சொன்னேன். தெருவுல எல்லாப் பொம்பளையும்தான இருமுதான்னேன். நீயும் ஒரு மனுசனாடா குத்தாலிங்கம். ஒரு எக்ஸ்ரே எடுக்க மூணு வருசமாச்சு உனக்கு. நடிகைக்குத் தும்மல் வந்தா டாக்டரக் கூட்டிட்டு வர வண்டிய எடுத்துட்டு ஓடுனவன் தான நீ.

தண்ணி வடிஞ்சு கயித்த அவுத்துட்டாரு. ஓட்டுதேன். புளியங்குடி பஜார்ல கணுக்காலுக்குத் தண்ணி, வண்டி போற அலை ரெண்டு பக்கமும் கடைக்குள்ள ஏறுது, கடைக்காரன் எல்லாம் கைய நீட்டி வைதான். வைங்கப்பா. போன் அடிக்குது. சொரிமுத்து, ஆவுடையோட தம்பி. ஸ்பீக்கர்ல போட்டேன். "அத்தான், எங்கன வாறீக?" புளியங்குடி மாப்ளன்னேன். "அக்கா எப்படி இருக்கா?" இருக்கான்னேன். "பேசுதாளா?" தூங்குதான்னேன். பெறகு மெல்லச் சொல்லுதான், "இங்க உங்க பெரியப்பா ஆளுகள வச்சுத் தெருவுல கம்பு ஊனிட்டு இருக்காரு அத்தான். மழைக்காக முன்கூட்டியே பந்தலப் போட்டு வச்சுருவோம்ங்காரு. நான் சண்ட போட்டேன், கேக்க மாட்டேங்காரு." போன வச்சுட்டேன். பந்தல். அவ வந்து சேருததுக்குள்ள பந்தல். அந்த வீட்டுக்குச் செவரு எழும்பும்போது ஒவ்வொரு நாளும் ரெண்டு வேள குடத்துல தண்ணி சொமந்து செவர நனச்சவ அவ. வாசல் நிலை வச்ச அன்னைக்கு மஞ்சத் தண்ணியத் தெளிச்சுட்டு, நிலையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, கொத்தனாரு சிரிச்சாரு. அந்த நிலைக்கு வெளிய போட்டுருவாவளாம் அவள. போடட்டும் பாப்போம். கேரவனக் கொண்டு போய் அந்தக் கம்ப எல்லாம் முறிச்சுத் தள்ளிட்டு வாசலோட நிறுத்துதேனா இல்லையா பாரு. தட்டுட்டி. ஒரே ஒரு தட்டு. பெலமாத் தட்ட வேண்டாம், விரலால தட்டு, நகத்தால கீறு, எனக்குக் கேட்டுரும். எனக்கு இப்ப எல்லாம் கேக்கு. பிரிட்ஜ் கதவு ஆடுதது கேக்கு, பாத்ரூம் குழாய் சொட்டுதது கேக்கு, அவ மட்டும்தான் கேக்க மாட்டேங்கா.

சொக்கம்பட்டி தாண்டி, ஊருக்குப் பிரியுத ரோட்டுல, குளத்தங்கரை மேல நிறுத்திட்டேன். ஆளு நடமாட்டம் இல்லாத எடம். இனிமே முடியல. இஞ்சின நிறுத்துனதும் மழைச் சத்தம்தான். எறங்கிப் போய் பக்கக் கதவத் தெறந்து, செருப்பக் கழத்திப் போட்டுட்டு உள்ள ஏறுதேன், அது என்ன பழக்கமோ. டம்ளரு அவ கையிலதான் இருக்கு. உருளவே இல்ல. ஒருச்சாஞ்சு படுத்து, ஜன்னல் திரைய விலக்கி வச்சுருக்கா, கண்ணு வெளிய பாத்தபடி இருக்கு. ஏளான்னு கூப்பிட்டேன். தோளத் தொட்டேன். கன்னம் சில்லுன்னு இருக்கு. மழைக் குளிருதான்னு சொல்லிக்கிட்டே போர்வைய இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடுதேன், காலத் தேய்க்கேன், உள்ளங்கைய ஊதுதேன், எனக்கே தெரியுது நான் என்ன செய்யுதேன்னு, ஆனாலும் தேய்க்கேன். நாலு கிலோமீட்டருடி. நாலே நாலு. பொறுத்திருக்கக் கூடாதா. இவ்வளவு வருசம் பொறுத்தவ. அந்த மெத்தையில அவ பக்கத்துல உக்காந்து, அவ தலைய எடுத்து மடியில வச்சுக்கிட்டு, வாய விட்டுக் கத்துனேன். குளத்தங்கரையில யாரு கேக்கப் போறா. எதுத்தாப்புல கண்ணாடியில ஒருத்தன் வாயத் தொறந்துக்கிட்டு அழுதான், பாக்கச் சகிக்கல. எவ்வளவு நேரமோ. பெறகுதான் புத்தியில ஒண்ணு விழுந்துச்சு. உசுரு எங்க போச்சு, எப்ப போச்சுன்னு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வேற ஒரு நாயிக்கும் தெரியாது. கண்ண மூடி விட்டேன். சிங்காரிக்க அந்த டேபிள்ல ஆயிரம் சாமான் கெடக்கு, எதையும் தொடல, என் கையால தலைய மட்டும் ஒதுக்கி விட்டேன். டம்ளர விரல்ல இருந்து பிரிச்சு எடுத்தேன். சரி ஆவுடை. நான் சொல்லுதபடி வா. நீ ஒண்ணும் பேச வேண்டாம், பேச்ச நான் பாத்துக்கிடுதேன்.

தெருவுல கம்பு ஊனியாச்சு. நீலத் தார்ப்பாய், அதுக்குக் கீழ பெஞ்சு. ஊரே குடையப் பிடிச்சுக்கிட்டு நிக்கு. கேரவனப் பாத்ததும் ஒதுங்குதாவ. தூக்கிக்கிட்டு எறங்குதேன், போர்வையோட, அவ தலை எம் தோள்ல. பயந்து சாகுதேன், ஆனா வாய் நிக்கல. "இந்தா வந்தாச்சுல்லா, வீடு வந்தாச்சுல்லா, கண்ண முழிக்காத, மழை விழுது. ஏ சொரிமுத்து, குடையப் பிடிடே அக்காவுக்கு. தள்ளுங்க, மூச்சு முட்டுது அவளுக்கு, வழிய விடுங்க." சொரிமுத்து குடையோட ஓடி வாரான், அக்காவோட கால்ல கை படுது, அப்படியே என்னப் பாக்கான், பெறகு குடையத் தாழ்த்தி அக்கா மூஞ்சிய மறச்சுப் பிடிக்கான். பெரியப்பா வாசல மறிச்சாப்புல நிக்காரு. "ஏல குத்தாலம். உசுரு கெடக்கா?" கெடக்கு பெரியப்பா, இழுத்துக்கிட்டு இருக்கு, தள்ளுங்கன்னேன். எம் குரல் எனக்கே வேத்தாள் குரல் மாதிரி இருக்கு. அவரு தள்ளுததுக்குள்ள நான் தோளால இடிச்சுக்கிட்டுப் படி ஏறிட்டேன். நிலையத் தாண்டிட்டேன். உள்ள கொண்டு போய், நடுவீட்டுல, அவ தெனமும் உக்காந்து பீடி சுத்துற எடத்துல கெடத்திட்டேன். யாரோ பாய விரிச்சு வச்சுருக்காவ. பின்னாலேயே பெரியப்பா வாராரு, அத்தன வருசம் கழிச்சு எங்க படி ஏறி. கையில டம்ளர்ல பாலு. கடைசிப் பாலு. மூத்தவரு ஊத்தணும், உசுரோட இருக்கவ வாயில. இத நான் யோசிக்கவே இல்ல.

முழங்கால ஊனிக் குனியுதாரு. ஸ்பூன்ல எடுத்து அவ உதட்டுல ஊத்துதாரு. பாலு உள்ள எறங்கல. கடவாய் வழியா வழிஞ்சு கழுத்துக்கு ஓடுது. அவரு கை அப்படியே நிக்கு. பொறங்கைய மெல்ல அவ கன்னத்துல வைக்காரு. வச்ச கைய எடுக்கல. தலையத் தூக்கி என்னப் பாக்காரு. எத்தன சாவு பாத்த கண்ணு அது. நானும் கண்ண எடுக்காமப் பாக்கேன். வாசல்ல அம்புட்டு பேரும் எட்டி எட்டிப் பாக்காவ, வெளிய பெஞ்சு மேல தார்ப்பாய்த் தண்ணி சொட்டுதது கேக்கு. பெரியப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவ கழுத்துல ஓடுன பாலத் தொடைக்காரு, வாயோரம் தொடைக்காரு, காதுக்குக் கீழ தொடைக்காரு, ஒரு சொட்டு தெரியாம. பெறகு வாசலப் பாத்து உரக்கச் சொல்லுதாரு. "ரெண்டு மடக்குக் குடிச்சுட்டா. எம் மக இப்பத்தான் போறா. ஏல, அந்தப் பெஞ்ச எடுத்துட்டு உள்ள வாங்க. தெருவுல எதுக்குப் போட்டு வச்சுருக்கிய?"